செல்லைக் காப்பாற்றும் புரதமே புற்றுநோய்க்கும் கைகொடுப்பது எப்படி? மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பது இதுதான்!

புற்றுநோய் என்றதும் நம் மனதில் வருவது, செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுவதுதான். ஆனா சில ரத்தப் புற்றுநோய்களில் விஷயம் வேறு மாதிரி. அங்கே செல்கள் அப்படி ஒன்றும் வேகமாகப் பெருகுவதில்லை. சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து நோயாகிவிடுகின்றன.

அவற்றைச் சாகவிடாமல் தடுப்பது யார்? வெளியில் இருந்து வந்த கிருமி எதுவும் இல்லை. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உட்கார்ந்து காவல் காக்கும் ஒரு புரதம். அதன் பெயர் பிசிஎல்-2.

இதே புரதக் குடும்பம் இல்லைன்னா நம் மூளை செல்லும் ரத்த செல்லும் பிழைக்காது. அப்போ இது நல்லதா, கெட்டதா? இதைப் புரிந்துகொண்டதால் வந்த மருந்து எது? அந்த மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

செல் ஏன் சாகணும்?

நம் உடம்பில் ஒவ்வொரு நாளும் பழைய செல்கள் போய், புதிய செல்கள் வருகின்றன. ஒரு நாளைக்கு இப்படி மாறும் செல்களின் எண்ணிக்கை சுமார் 33,000 கோடி என்று 2021-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். எடை போட்டால் சுமார் 80 கிராம். இதில் பெரும்பகுதி ரத்த செல்கள்.

இவற்றில் பல செல்கள் அடிபட்டுச் சாவதில்லை. 'உன் வேலை முடிந்தது' என்று உத்தரவு வந்ததும், தங்களைத் தாங்களே ஒழுங்காகக் கலைத்துக்கொள்கின்றன. இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். 1972-ல் கெர், வைலி, கரீ என்ற மூன்று ஆய்வாளர்கள் வைத்த பெயர் இது. கிரேக்க மொழியில் மரத்தில் இருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் சொல்.

பொருத்தமான பெயர்தான். பழுத்த இலை உதிர்ந்தால் மரத்துக்குக் காயம் ஆகாது. அதேபோல இந்த முறையில் செல் செத்தால் பக்கத்து செல்லுக்குப் பாதிப்பு வராது. செல் சுருங்கும், டிஎன்ஏ துண்டு துண்டாகும், சின்னச் சின்ன பொட்டலங்களாகப் பிரியும். துப்புரவு செல்கள் வந்து அவற்றை விழுங்கிவிடும். வீக்கமோ சீழோ இருக்காது.

தாயின் கருவில் இருக்கும்போது நம் கைவிரல்களுக்கு நடுவே சவ்வு போல ஜவ்வு இருந்தது. அந்த செல்கள் செத்ததால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்தன. தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது வால் காணாமல் போவதும் இப்படித்தான்.

டிஎன்ஏ பழுதான செல், வைரஸ் புகுந்த செல், நம் உடம்பையே தாக்கக்கூடிய எதிர்ப்பு செல் இவையெல்லாம் பெரும்பாலும் இதே வழியில்தான் அகற்றப்படுகின்றன. ஆக, செல் சரியான நேரத்தில் சாவது நாம் உயிரோடு இருப்பதற்கு அவசியம்.

சாவுக்கான சாவி மைட்டோகாண்ட்ரியாவிடம் ஏன்?

மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லின் பவர் ஹவுஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சாப்பிட்ட சாப்பாட்டையும் சுவாசித்த ஆக்சிஜனையும் வைத்து செல்லுக்குத் தேவையான ஆற்றலைத் தயாரிக்கும் இடம். அது உண்மைதான். ஆனா அது பாதிக் கதை.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு உறைகள் உண்டு. வெளி உறை, உள் உறை. இந்த இரண்டுக்கும் நடுவே சைட்டோகுரோம் சி என்ற சிறிய புரதம் இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை இது நல்ல தொழிலாளி. எலக்ட்ரானை ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஆற்றல் தயாரிப்புக்கு உதவுகிறது.

ஆனா வெளி உறையில் ஓட்டை விழுந்து, இது வெளியே கசிந்துவிட்டால் செல்லின் கதை முடிந்தது. வெளியே வந்த சைட்டோகுரோம் சி, அபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்கிறது. இவை ஏழு ஆரம் உள்ள சக்கரம் போல ஒன்றாகக் கோத்துக்கொள்கின்றன. அந்தச் சக்கரம், காஸ்பேஸ் எனப்படும் வெட்டும் நொதிகளை எழுப்பிவிடுகிறது. அவை செல்லுக்குள் இருக்கும் முக்கியமான புரதங்களை எல்லாம் வெட்ட ஆரம்பிக்கின்றன.

ஒரு செல்லில் சைட்டோகுரோம் சி வெளியேற ஆரம்பித்தால் சுமார் 5 நிமிடத்தில் முழுவதும் வெளியேறிவிடும். அதன் பிறகு பெரும்பாலும் திரும்பி வர வழி இல்லை.

செல்லுக்குச் சோறு போடும் புரதமே இடம் மாறினால் அதைக் கொல்லும் என்பதை 1996-ல் அமெரிக்காவில் சியாவ்டாங் வாங் குழு கண்டுபிடித்தபோது, துறையில் இருந்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

அப்போ எல்லாக் கேள்வியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளி உறையில் ஓட்டை விழுமா, விழாதா? அதைத் தீர்மானிப்பதுதான் பிசிஎல்-2 குடும்பத்தின் வேலை.

ஒரே குடும்பம், மூன்று அணி

பிசிஎல்-2 குடும்பத்துப் புரதங்கள் எல்லாம் அமைப்பில் சொந்தக்காரர்கள். ஆனா வேலையில் எதிரும் புதிரும்.

முதல் அணி ஓட்டை போடுபவர்கள். பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்கள். இவை விழித்துக்கொண்டால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, மைட்டோகாண்ட்ரியாவின் வெளி உறையைத் துளைத்துவிடும்.

இரண்டாவது அணி காவல்காரர்கள். பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகியவை இதில் முக்கியமானவை. இவற்றின் உடலில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். ஓட்டை போட வருபவர்களையும், அவர்களைத் தூண்ட வருபவர்களையும் இந்தப் பள்ளத்தில் பிடித்து அமுக்கி வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது அணி தகவல் கொண்டுவருபவர்கள். பிம், பூமா, நாக்ஸா என்று பல பேர் உண்டு. செல்லுக்கு ஊட்டம் கிடைக்கவில்லை, டிஎன்ஏ பழுதாகிவிட்டது என்பது போன்ற ஆபத்து வரும்போது இவை அதிகமாக உருவாகும். நேராகப் போய் காவல்காரர்களின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். காவல்காரர்களின் கை கட்டப்பட்டுவிடும். பேக்ஸும் பேக்கும் விடுபட்டு ஓட்டை போடும்.

ஆக செல் பிழைப்பதும் சாவதும் ஒரு தராசு மாதிரி. காவல்காரர்கள் எண்ணிக்கை அதிகம் இருந்தால் செல் பிழைக்கும். தகவல்காரர்கள் கை ஓங்கினால் செல் சாகும். பேக்ஸ், பேக் இரண்டுமே இல்லாத செல்லுக்கு இந்த வழியில் என்ன ஆபத்து கொடுத்தாலும் அது லேசில் சாகாது என்பதையும் 2001-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதில் கவனிக்க ஒரு விஷயம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று தனி டிஎன்ஏ உண்டு. அதில் 37 மரபணுக்கள் இருக்கின்றன. ஆனா பிசிஎல்-2 குடும்பம் அதில் இல்லை. இந்தக் காவல்காரர்களுக்கான மரபணுக்கள் எல்லாம் செல்லின் மையத்தில், நியூக்ளியஸில் இருக்கின்றன. புரதம் வெளியே தயாராகி, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேலைக்குப் போகிறது.

காவல்காரர் கெட்டுப்போனது எப்படி தெரிந்தது?

பிசிஎல்-2 என்ற பெயரே 'பி-செல் லிம்ஃபோமா-2' என்பதன் சுருக்கம். பி-செல் என்பது நோய் எதிர்ப்புக்கான ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளை அணு. அதில் வரும் ஃபோலிகுலர் லிம்ஃபோமா என்ற புற்றுநோயை ஆராயும்போதுதான் இந்த மரபணு மாட்டியது.

இந்த நோயாளிகளில் பெரும்பாலானோரின் புற்றுநோய் செல்களில், 14-வது குரோமோசோமும் 18-வது குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். 18-ல் இருக்கும் பிசிஎல்-2 மரபணு, 14-ல் இருக்கும் ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். பி-செல்லில் ஆன்டிபாடி மரபணுவின் சுவிட்ச் எப்போதும் ஆன். அதனால் பிசிஎல்-2-வும் நிற்காமல் உற்பத்தியாகும். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் யோஷிஹிடே சுஜிமோட்டோ, கார்லோ குரோச்சே குழு இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது.

அப்போது எல்லோரும் நினைத்தது, மற்ற புற்றுநோய் மரபணுக்களைப் போல இதுவும் செல்லை வேகமாகப் பெருக வைக்கும் என்றுதான். 1988-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அந்த நினைப்பை மாற்றினார்.

ஊட்டப் பொருள் இல்லாமல் வாழ முடியாத ரத்த செல்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்குள் பிசிஎல்-2 மரபணுவைச் செலுத்தினார்கள். பிறகு ஊட்டத்தை நிறுத்தினார்கள். சாதாரண செல்கள் செத்தன. பிசிஎல்-2 உள்ள செல்கள் பெருகவில்லை. ஆனா சாகவும் இல்லை. அப்படியே இருந்தன.

புற்றுநோய் உருவாக செல் வேகமாகப் பெருகணும் என்றுதான் அதுவரை பாடம். சாகாமல் இருப்பதும் ஒரு காரணம் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி. 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி கோர்ஸ்மேயர் குழு, இந்தப் புரதம் இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில் என்று காட்டியது. செல்லின் சாவு பற்றிய ஆராய்ச்சியில் முக்கியமான பல கண்டுபிடிப்புகளைச் செய்த கோர்ஸ்மேயர், 2005-ல் 54 வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

இதே நேரத்தில் இன்னொரு பக்கம், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புழு வளரும்போது 1,090 உடல் செல்கள் உருவாகும். அதில் சரியாக 131 செல்கள் செத்துவிடும். எந்தப் புழுவை எடுத்தாலும் அதே செல்கள், அதே நேரம். செல்லின் சாவு மரபணுவில் எழுதப்பட்ட திட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அந்தப் புழுவில் சாவைத் தடுக்கும் மரபணு, மனிதரின் பிசிஎல்-2-க்கு உறவு. இந்தப் புழு ஆராய்ச்சிக்காக சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் 2002-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

காவல்காரரே இல்லைன்னா என்ன ஆகும்?

அப்போ பிசிஎல்-2 குடும்பத்தையே ஒழித்துவிடலாமா? எலிகளில் செய்து பார்த்தார்கள்.

பிசிஎல்-2 மரபணு நீக்கப்பட்ட எலிகள் பிறந்தன. ஆனா அவற்றின் வெள்ளை அணுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. சிறுநீரகம் கெட்டது. இளம் வயதிலேயே ரோமம் நரைத்துப்போனது. முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் பிழைக்க பிசிஎல்-2 தேவை என்பது அப்படித்தான் தெரிந்தது.

பிசிஎல்-எக்ஸ்எல் வகையின் மரபணுவை நீக்கியபோது எலிகள் பிறக்கவே இல்லை. மூளையில் வளர்ந்துகொண்டிருந்த நரம்பு செல்களும் ரத்த செல்களும் செத்து, கருவிலேயே இறந்தன. எம்சிஎல்-1 இல்லாத கருவோ கருப்பையில் ஒட்டும் முன்பே அழிந்துபோனது.

ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு காவல்காரரை நம்பி இருக்கிறது. புற்றுநோயை ஒழிக்க எல்லாக் காவல்காரரையும் ஒரே நேரத்தில் முடக்கினால் நோயாளியே தாங்க மாட்டார். எந்தக் காவல்காரரை முடக்குவது என்று தேர்ந்தெடுக்கணும். மருந்து கண்டுபிடிக்க இத்தனை வருடம் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

28 வருடக் காத்திருப்பு

1996-ல் அபாட் நிறுவன ஆய்வாளர்கள் பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தின் வடிவத்தை வரைந்து காட்டினார்கள். அதில் இருந்த பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. தகவல்காரப் புரதம் வந்து உட்காரும் அதே பள்ளத்தில் பொருந்துகிற மாதிரி ஒரு மருந்தைச் செய்தால்? காவல்காரரின் கையை மருந்தே கட்டிவிடும். கேட்க எளிது. செய்வது கஷ்டம். புரதமும் புரதமும் ஒட்டும் இடம் பெரியது, ஆழம் குறைவு. அதில் ஒரு சிறு மருந்து மூலக்கூறை உட்கார வைப்பது அப்போது பெரிய சவால்.

முதலில் வந்த நேவிட்டோகிளாக்ஸ் என்ற மருந்து, பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. புற்றுநோய் செல்கள் செத்தன. கூடவே ரத்தத் தட்டணுக்களும் செத்தன. காரணம், தட்டணுக்களின் உயிர் பிசிஎல்-எக்ஸ்எல் கையில் இருக்கிறது. நம் உடம்பில் ஒரு தட்டணு சுமார் 10 நாட்கள்தான் வாழும். அந்தக் காலக்கெடுவை அளக்கும் கடிகாரமே இந்தப் புரதம்தான் என்று 2007-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அதனால் பிசிஎல்-2-வை மட்டும் பிடிக்கும் மருந்தைத் தேடினார்கள். அப்படி வந்ததுதான் வெனிட்டோகிளாக்ஸ். ஆப்வி, ரோச் குழுமத்தின் ஜெனென்டெக் ஆகிய நிறுவனங்கள், மெல்போர்ன் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியவை. நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா, சுருக்கமாக சிஎல்எல், என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2016 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. வாக்ஸின் 1988 சோதனையில் இருந்து எண்ணினால் 28 வருடம்.

கீமோ தோற்ற இடத்தில் இது ஜெயித்தது எப்படி?

முதல் அனுமதி எல்லா சிஎல்எல் நோயாளிகளுக்கும் இல்லை. ஏற்கெனவே சிகிச்சை எடுத்தும், 17-வது குரோமோசோமில் ஒரு பகுதியை இழந்த புற்றுநோய் உள்ளவர்களுக்குத்தான். அந்தப் பகுதியில்தான் பி53 என்ற மரபணு இருக்கிறது.

இதில்தான் சூட்சுமம். வழக்கமான கீமோதெரபி செல்லின் டிஎன்ஏ-வைச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதத்தைப் பார்த்து, பூமா, நாக்ஸா ஆகிய தகவல்காரர்களைக் கிளப்பிவிடுவது பி53-ன் வேலை. பி53 இல்லைன்னா சேதம் நடக்கும், தகவல் போகாது. காவல்காரர் நிம்மதியாக இருப்பார். செல் சாகாது. மருந்தின் பக்கவிளைவுகள் மட்டும் நோயாளிக்கு மிஞ்சும்.

வெனிட்டோகிளாக்ஸ் பி53-க்காகக் காத்திருப்பதில்லை. நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் பிசிஎல்-2-வின் பள்ளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அமுக்கி வைக்கப்பட்டிருந்த பிம் போன்றவை விடுபடுகின்றன. பேக்ஸும் பேக்கும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

நோய் திரும்பி வந்த 116 சிஎல்எல் நோயாளிகளுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2016 ஜனவரியில் வெளியானது. 79 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. 20 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது.

பிறகு அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற வேகமான ரத்தப் புற்றுநோய்க்கும், கடுமையான கீமோவைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு, வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுக்க 2018-ல் அனுமதி வந்தது. அசாசிட்டிடின் மருந்தை மட்டும் எடுத்தவர்களில் சராசரி ஆயுள் 9.6 மாதம். வெனிட்டோகிளாக்ஸும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 14.7 மாதம் என்று 2020-ல் வெளியான சோதனை முடிவு சொல்கிறது. ஐந்து மாத வித்தியாசம்தான். ஆனா அதுவரை பெரிதாக வழி எதுவும் இல்லாத 75 வயதுக்காரர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மருந்து வேகமாக வேலை செய்வதும் ஆபத்தா?

ஆமாம். இந்த மருந்தில் அதுதான் முதல் எச்சரிக்கை.

பல வருடமாகச் சாகாமல் சேர்ந்திருந்த கோடிக்கணக்கான செல்கள் சில மணி நேரத்தில் ஒரே அடியாகச் செத்தால், அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் திணறும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இதற்கு டியூமர் லைசிஸ் சிண்ட்ரோம் என்று பெயர்.

2016-ல் வெளியான அந்தச் சோதனையின் முதல் கட்டத்தில் 56 பேரில் 3 பேருக்கு இது கடுமையாக வந்தது. ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு மருந்து கொடுக்கும் முறையை மாற்றினார்கள். அடுத்த 60 பேரில் ஒருவருக்கும் அப்படி வரவில்லை.

அந்த மாற்றம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. சிஎல்எல் நோயாளிகளுக்கு முதல் வாரம் தினமும் 20 மில்லிகிராம். அடுத்தடுத்த வாரங்களில் 50, 100, 200. ஐந்தாவது வாரத்தில்தான் முழு அளவான 400 மில்லிகிராம். அக்யூட் மைலாய்டு லுகேமியாவுக்கு அளவு கூட்டும் முறை வேறு. எதுவாக இருந்தாலும் அளவை டாக்டர்தான் முடிவு செய்யணும்.

மருந்து எடுப்பவர்கள், பார்த்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• மருந்து ஆரம்பிப்பதற்கு 2 நாள் முன்பிருந்தே தினமும் ஒன்றரை முதல் 2 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும்.

• அளவு கூட்டும் நாட்களில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கலாம்.

• மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கணும். உடைக்கவோ மெல்லவோ கூடாது.

• கிரேப்ஃப்ரூட், ஸ்டார் ஃப்ரூட், செவில் ஆரஞ்சு ஆகிய பழங்கள் கூடாது. இவை மருந்து ரத்தத்தில் தேங்கும் அளவைக் கூட்டிவிடும். கிரேப்ஃப்ரூட் என்பது திராட்சை இல்லை. சாத்துக்குடி இனத்தைச் சேர்ந்த, கொஞ்சம் கசக்கும் பெரிய பழம்.

• பூஞ்சைத் தொற்றுக்கான சில மருந்துகளும், சில ஆன்டிபயாட்டிக்குகளும் இதே பிரச்சினையைத் தரும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

• வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால் காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

புற்றுநோய் திருப்பி அடிப்பது எப்படி?

இந்த மருந்தோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் கழித்து மருந்து வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் தெரிய வந்திருக்கின்றன. ஒன்று, பிசிஎல்-2-வின் பள்ளமே லேசாக மாறிவிடுகிறது. மருந்து சரியாகப் பொருந்தாது. ஆனா காவல் வேலை தொடரும். இன்னொன்று, பிசிஎல்-2-வின் கை கட்டப்பட்டால் புற்றுநோய் செல் எம்சிஎல்-1, பிசிஎல்-எக்ஸ்எல் ஆகிய மற்ற காவல்காரர்களை அதிகமாக வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

அப்போ எம்சிஎல்-1-ஐயும் முடக்கும் மருந்து? முயற்சிகள் நடந்தன. ஆனா இதயத் தசை செல்களுக்கு எம்சிஎல்-1 தேவை. சோதனைகளில் இதயப் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்ததால் சில மருந்துகளின் சோதனை நிறுத்தப்பட்டது. எந்த உறுப்பு எந்தக் காவல்காரரை நம்பி இருக்கிறது என்ற பழைய பிரச்சினைதான் திரும்ப வந்து நிற்கிறது.

இவர் ஒருவர்தான் காவலா?

மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வேறு பாதுகாப்பும் இருக்கிறது. ஹியூமனின் என்ற மிகச் சிறிய புரதத்தை 2001-ல் ஜப்பான் ஆய்வாளர்கள், அல்சைமர் நோயால் இறந்த ஒருவரின் மூளையில் பாதிக்கப்படாமல் இருந்த பகுதியை ஆராய்ந்தபோது கண்டெடுத்தார்கள். அதன் குறியீடு மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ-விலேயே இருக்கிறது. ஓட்டை போடும் பேக்ஸை இது தடுக்கும் என்று பின்னர் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

பிங்க்-1, பார்க்கின் என்ற ஜோடியின் வேலை வேறு. ஒரு மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதற்கு 'இதை அகற்று' என்று அடையாளம் போட்டுவிடும். செல் அந்த ஒன்றை மட்டும் செரித்துவிட்டு, தான் பிழைத்துக்கொள்ளும். இந்த இரண்டு மரபணுக்களில் கோளாறு இருந்தால் இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வருகிறது. நரம்பு செல்கள் பெரும்பாலும் புதிதாக முளைக்காது. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

மாரடைப்பு, பக்கவாதம் வரும்போதும் ரத்தம் கிடைக்காத செல்களில் மைட்டோகாண்ட்ரியாதான் முதலில் தடுமாறுகிறது. அதனால்தான் நெஞ்சு வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் செயலிழப்பது போன்ற அறிகுறி வந்தால் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். ஓட்டை விழுந்த பிறகு அந்த செல்லைத் திரும்பப் பெற முடியாது.

'மைட்டோகாண்ட்ரியாவைப் பலப்படுத்தும்' மாத்திரை சாப்பிடலாமா?

ஆன்லைனில் இப்படி விளம்பரங்கள் நிறைய வருகின்றன. இதுவரை படித்ததை வைத்தே பதில் சொல்லிவிடலாம். செல்லைச் சாகவிடாமல் காப்பது எப்போதும் நல்லது இல்லை. மூளையில் நமக்குத் தேவையான அதே காவல், புற்றுநோய் செல்லில் நமக்கு எதிரி. நல்ல செல்லின் காவலை மட்டும் கூட்டி, கெட்ட செல்லுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டது எதுவும் இல்லை.

முக்கியமாக, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் 'சத்து மாத்திரைதானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. அங்கே சிகிச்சையின் நோக்கமே சில செல்களைச் சாக வைப்பதுதான்.

நம் ஒவ்வொரு செல்லிலும் இந்தத் தராசு இப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, சரியான நேரத்தில் சரியான தட்டில் கை வைக்கக் கற்றுக்கொண்டதுதான் வெனிட்டோகிளாக்ஸ். கீமோ பலிக்காது என்று சொல்லப்பட்ட நோயாளிகளுக்கு ஒரு மாத்திரையைக் கையில் கொடுக்க முடிந்தது அதனால்தான்.